மூன்று ஜோன்ஸ் துரைகளும் என் அப்பா பெயரும்

இதில் யாருடைய பெயரும் வராது. என் பெயர் வராது, என் அப்பா பெயர் வராது, என்னைக் கட்டியவர் பெயர் நிச்சயமாக வராது. அதற்காகப் பெயரைச் சாதாரணமாக நினைக்கிறவள் என்று என்னை யாரும் எண்ணவேண்டாம். ஒரு பெயருக்காகப் பன்னிரண்டு நாள் பெரட்டுக் களத்தில் வாய் திறக்காமல் நின்றவள் நான். ஆனால் அந்தத் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகள் இன்னும் செனாயிலும் உலு திராமிலும் இருக்கிறார்கள். எவனாவது ஒருவன் ‘எங்கப்பாவ ஏன் இப்படி எழுதினே’ என்று வாசலில் வந்து நின்றால் அவனோடு மல்லுக்கட்ட எனக்கு இப்போது தெம்பில்லை.

ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்வேன். ஜோன்ஸ். அதைச் சொன்னால் யாரையும் குறிப்பாகச் சொன்னதாக ஆகாது. அவ்வளவு பேருக்கு அந்தப் பெயர்.

மலாயாவின் ஜொகூரில், உலு திராமுக்கு உள்ளே ஒரு செம்மண் சாலை போகும். அதில் அடுத்தடுத்து மூன்று ரப்பர் தோட்டங்கள். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தைய கதை இது. மூன்று தோட்டத்துக்கும் வெள்ளைக்காரத் துரைகள், மூன்று பேருக்கும் ஜோன்ஸ் என்றே பெயர். அண்ணன் தம்பிகளா என்றால் இல்லை. மாமன் மச்சானா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் முகத்தைப் பார்த்தால் இன்னொருவர் முகம் ஞாபகத்துக்கே வராது. தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்கள் இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முதல் தோட்டத்துக்காரர் தங்கப்பல் கட்டியிருந்தார், அவர் பல்லுத் துரை. கடைசித் தோட்டத்துக்காரர் இரண்டு நாய் இல்லாமல் படி இறங்க மாட்டார், அவர் நாய்த் துரை. நடுவில் இருந்த எங்கள் தோட்டத்துத் துரை குளிக்கும்போது தொண்டை கிழியச் சாமிப் பாட்டுப் பாடுவார். பங்களாவிலிருந்து ரப்பர்ப் பால் சேர்க்கிற ஸ்டோர் வரை கேட்கும். அவர் பாட்டுத் துரை. அந்தப் பெயர்களை எழுதிப் பதிந்தவர் யாருமில்லை, ஆனாலும் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

குழப்பம் வந்ததெல்லாம் கடிதாசியில்தான். அதைச் சுமந்தவர் என் வீட்டுக்காரர். அவர் மூன்று தோட்டத்துக்கும் பொதுவான தபால்காரர். காலையில் சைக்கிளை மிதித்துப் பெரிய சாலைக்குப் போய்த் தபால் பையை வாங்கி வந்து பங்களா பங்களாவாகக் கொடுப்பார். கம்பெனிக் கடிதங்களில் தோட்டத்துப் பெயர் அச்சடித்திருக்கும், தொல்லையில்லை. சீமையிலிருந்து சொந்தக்காரர்கள் எழுதுவதில்தான் வம்பு. ‘ஜோன்ஸ், ரப்பர் தோட்டம், ஜொகூர்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஜொகூரில் ஒரே ஒரு ரப்பர் தோட்டம்தான் இருக்கிறது, அதில் ஒரே ஒரு ஜோன்ஸ்தான் குந்தியிருக்கிறான் என்று அவர்களுக்கு நினைப்பு.

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு கடிதம்கூட அவர் மாற்றிக் கொடுத்ததில்லை. கையெழுத்தை ஆள் முகம் பார்க்கிற மாதிரி பார்ப்பார். இடப்பக்கம் சாய்ந்து மெலிந்திருந்தால் பாட்டுத் துரையின் அம்மா. உருண்டை உருண்டையாக, ஊதாக் கவரில் வந்தால் அவர் கட்டிக்கொள்ளப்போகிற பெண். பேனாவை அழுத்திக் காகிதத்தைக் கிழிக்கிற கை நாய்த் துரையின் அண்ணன். அரக்கு முத்திரை இருந்தால் பல்லுத் துரைக்கு. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆரம்பத்தில் மூன்று துரைகளிடமும் திட்டு வாங்கி வாங்கித் தானாகவே தேறிக்கொண்டார்.

என் அப்பா கதைக்கு வருகிறேன். காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் வந்தவர். பதினாறு வருஷம் ரப்பர் மரத்தில் பட்டை வெட்டிப் பால் எடுத்தார். எங்கள் கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை, அவரை ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘டேய்’தான். ‘டேய், இங்க வா.’ ‘டேய், வாளியத் தூக்கு.’ அப்பாவைவிட இருபது வயது சின்ன ஆள் அந்தக் கிராணி. காலைப் பெரட்டில்கூட எல்லார் பெயரையும் படிப்பார், அப்பா முறை வரும்போது நிமிர்ந்து பார்த்து ‘டேய், இருக்கியா’ என்று கேட்டுக் கோடு போட்டுவிடுவார். பெரட்டு என்பது பொழுது புலரும் நேரத்தில் எல்லாரையும் களத்தில் வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கு எடுப்பது. அங்கே பதில் சொன்னால்தான் அன்றைக்கு வேலை செய்ததாக அர்த்தம்.

அப்பா மலேரியாவில் போனார். சதுப்பு ஓரத்தில் இருந்த இடுகாட்டில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல் நட்டோம். வருஷம் திரும்புவதற்குள் அந்த இடத்தையும் புதுத் தோட்டத்தோடு சேர்த்துச் சமன்படுத்தி ரப்பர் கன்று நட்டுவிட்டார்கள். திதிக்குப் பழம், வெற்றிலையோடு போனேன். எந்தக் கன்றின் கீழ் என் அப்பா கிடக்கிறார் என்று தெரியவில்லை. வரிசை மட்டும் நேராக, அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தணியவில்லை.

அதற்குப் பிறகு என் அப்பா பெயர் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில், என் பெயருக்குப் பின்னால். எங்கள் லயத்தில் என் பெயர்க்காரிகள் நான்கு பேர். எல்லாரும் ஊர் அம்மன் பெயர்தானே வைக்கிறோம்? எனவே இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்று சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரியும். தினமும் விடியற்காலையில் கிராணி வாயால் அப்பா பெயர் வரும். உயிரோடு இருந்தவரை ‘டேய்’ என்றவர் வாயால். நான் ‘இருக்கேன்’ என்பேன். அதற்காகவே ஒரு நாளும் தாமதிக்காமல் பெரட்டுக்குப் போவேன்.

கல்யாணம் ஆன மூன்றாம் நாள் களத்தில் நின்றேன். கிராணி என் பெயரைப் படித்து, அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெயரைப் படித்து, ‘பெண்சாதி’ என்றார். நான் பேசவில்லை. இன்னொரு தடவை படித்தார். பக்கத்தில் நின்றவள் இடித்தாள்.

“ஏய், ஒன்னத்தான்டி.”

“என்னை இல்ல” என்றேன்.

கிராணியிடம் நேராகவே போனேன். அப்பா பெயரைச் சிவப்பு மையில் அடித்து மேலே புதுசு எழுதியிருந்தார்.

“கிராணி ஐயா, எங்கப்பா பேர ஏன் அடிச்சீங்க?”

“கல்யாணம் ஆச்சுல்ல? எல்லாருக்கும் அப்படித்தான். செத்த ஆள் பேர வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?”

“திரும்ப எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன்.”

“அப்ப ஆப்சென்ட்டு லா” என்று கோடு போட்டார்.

போடட்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு என் நிரைக்கு, அதாவது எனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போய்விட்டேன். ஒரு மரம் விடாமல் வெட்டினேன். மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து பாலை வாளியில் வழித்து, தோளில் வைத்த காண்டாக் கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டுவந்தேன். அளக்கிற இடத்தில் கிராணி புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். ஆள் வரவில்லை என்று காலையில் அவரே கோடு போட்டிருக்கிறார். வராத ஆள் இரண்டு வாளி பாலோடு எதிரே நிற்கிறாள்.

“இந்தப் பால யார் பேர்ல எழுதறது?”

“வெட்டினவ பேர்ல எழுதுங்க.”

எழுதவில்லை. பாலை மட்டும் தொட்டியில் ஊற்றிக்கொண்டார்கள். மறுநாளும் அதே கூத்து. நான்காம் நாள் கங்காணி வந்து, “வேணாம்மா, பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ வீம்பு ஆகாது” என்றார். லயத்துப் பெண்கள் குழாயடியில் வளைத்துக்கொண்டார்கள். எங்களுக்கெல்லாம்தான் மாற்றினார்கள், நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம் என்று ஒருத்தி கேட்டாள். உன் அப்பன் பெயர் உனக்குத் தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்படுகிறது என்றேன். அதற்கப்புறம் அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நஷ்டமில்லை.

வீட்டுக்குள்தான் கஷ்டம். கள்ளுக்கடையில் என் வீட்டுக்காரரைக் கேலி செய்திருக்கிறார்கள். அவர் தபால் பையை மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏம் பேரு ஒனக்கு அவ்ளோ கசக்குதா?”

“கசக்கல. அது ஒங்க பேரு. நல்ல பேரு. ஆனா அத நான் வாயால சொல்லக்கூடாதுன்னு ஒங்கம்மாவே சொல்லியிருக்காங்க. சொன்னா ஒங்க ஆயுசு கொறையுமாம். நானே சொல்லக்கூடாத பேரு எப்படிங்க எம் பேரா இருக்கும்?”

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்பா பெயரை மீட்கப்போய்க் கட்டியவரைத் தொலைத்துவிடுவேனோ என்று அன்று நினைத்தேன். ஆனாலும் இறங்கிப்போக மனசு ஒப்பவில்லை.

எட்டாம் நாள் பெரட்டுக்குப் பாட்டுத் துரையே வந்தார். கணக்கில் இல்லாத பால் ஸ்டோரில் சேர்ந்துகொண்டே போவதைக் கிராணியால் மறைக்க முடியவில்லை போலிருக்கிறது. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் ஓரளவு வரும்.

“என்னா சமாச்சாரம்? நீ ஏன் பேச்சு இல்லே?”

சொன்னேன். இடுகாட்டில் கன்று நட்டதையும் சேர்த்துச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொன்ன நியாயத்தையும் சொன்னேன். பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் கேட்டேன்:

“இந்த ரோட்டுல மூணு தொரெங்க, மூணு பேருக்கும் ஒரே பேரு. நீங்க அண்ணந்தம்பியும் இல்ல. அது யாரு பேரு தொரெ? ஒங்க அப்பா பேரா?”

துரை கோபிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவரோ கைத்தடியை ஊன்றி நின்று, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் தமிழில் பாதி, கிராணி மொழிபெயர்த்ததில் பாதி என்று எனக்குக் கிடைத்தது இவ்வளவு.

அவர் இங்கிலீஷ்காரரே இல்லையாம். வேல்ஸ் என்கிற மலைநாட்டுக்காரர், பாஷையே வேறு. முன்காலத்தில் அந்த ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயரைச் சொல்லி, இன்னார் மகன் என்பார்கள். அது போதாதென்றால் அவன் அப்பன், அவனுக்கும் அப்பன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். மகனைக் குறிக்க ஒரு சொல், மகளைக் குறிக்க ஒரு சொல். பெண்கள் கல்யாணம் ஆனாலும் அப்பன் பெயரை விடமாட்டார்கள். பழைய கல்லறைக் கற்களில் இன்றைக்கும் அப்படித்தான் வெட்டியிருக்கிறதாம்.

பிறகு இங்கிலாந்து ராஜாவின் ஆட்சி வந்தது. கோர்ட்டுக் குமாஸ்தாக்களுக்கு இத்தனை அப்பன்களை எழுதக் கை வலித்தது. ஆளுக்கு ஒரு குடும்பப் பெயர், அது மகனுக்கும் பேரனுக்கும் மாறாமல் போகவேண்டும் என்றார்கள். அந்தந்தச் சமயத்தில் எவனுக்கு அப்பன் பெயர் எதுவோ அதுவே அவன் வம்சத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஜான் மகன், ஜோன்ஸ். அர்த்தம் அவ்வளவுதான். ஜான் என்பது பைபிளில் வருகிற பெயர், நாம் அம்மன் பெயர் வைப்பதைப் போல அங்கே வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் தெருவுக்குத் தெரு ஜோன்ஸ். வேல்ஸில் அதைவிட அதிகமாகப் புழங்குகிற குடும்பப் பெயர் இல்லையாம். இதில் வேடிக்கை, அந்தப் பெயரின் முதல் எழுத்தே அவர்கள் பாஷையின் அரிச்சுவடியில் கிடையாதாம். தன்னைப் பெற்றவர் பெயர் ஜான்கூட இல்லை என்றும், எந்தக் காலத்து ஜானுக்குத் தான் மகன் என்று தனக்கே தெரியாது என்றும் சொல்லித் துரை சிரித்தார். ஊரில் ஆள் அடையாளத்துக்கு ரொட்டி ஜோன்ஸ், கரி ஜோன்ஸ், சவப்பெட்டி ஜோன்ஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

“அலமாக்!” என்றான் பின்னால் ஒருவன். “நம்ம மாதிரியே!”

களம் முழுக்கச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று துரைக்குத் தெரியாது. பாட்டுத் துரை என்ற பெயரை அவர் காதுக்குக் கொண்டுபோகும் துணிச்சல் எனக்குக்கூட இல்லை.

எனக்கு நம்பிக்கை பிறந்தது. தன் ஊரில் இழந்ததை இவ்வளவு ஆசையாகச் சொல்கிற மனுஷன், என் பெயரைத் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். துரை சிரித்து முடித்துத் தொப்பியைச் சரிசெய்தார்.

“எங்க ஊர்ல போச்சு. கிராணி எழுதினான், போச்சு. நீயும் விடு. கம்பெனி புக்கு, சிங்கப்பூர் ஆபீஸ் போவுது. மாத்த முடியாது.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் கதையைச் சொல்லாமலே மறுத்திருந்தால்கூட ஒரு வெள்ளைக்காரன், அவனுக்கென்ன தெரியும் என்று விட்டிருப்பேன். இவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டவருடைய வம்சம். அதே சிவப்பு மையைத் தானும் கையில் எடுக்கிறார்.

“ஒங்க ஊர்ல விட்டதுக்கு நான் என்ன தொரெ பண்றது?” என்றேன். “நான் விடல.”

அவர் போய்விட்டார். எட்டாம் நாளும் கோடு விழுந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் களத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஜோன்ஸ் கதையைக் கேட்டதும் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“கிராணி எழுதின பேரு போதும்னா சொன்னாரு?”

“ஆமா.”

“சரி” என்றார். மறுபடி சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அவர் செய்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெரிய சாலைத் தபால் ஆபீசில், கவர் மேலே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஜோன்ஸ் என்று மட்டும் இருந்த கடிதங்களையெல்லாம் சாலையில் முதலில் வருகிற ஜோன்ஸிடம் கொடுத்துவிட்டார். சாய்ந்த எழுத்து, அழுத்தின எழுத்து, ஊதாக் கவர், அரக்கு எல்லாம் பல்லுத் துரை மேஜைக்கே போனது. இரண்டு நாள் இப்படி. பல்லுத் துரை தன் பெயர்தானே என்று பிரித்துப் படித்திருக்கிறார். உருண்டை எழுத்துக்காரப் பெண் கல்யாணத்துக்கு முன் எழுதக்கூடியதையெல்லாம் எழுதியிருந்தாள் போலிருக்கிறது. சனிக்கிழமை துரைமார் கூடுகிற இடத்தில் அவர் தங்கப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே நாலு வரி எடுத்துவிட்டாராம். பங்களாச் சமையல்காரர் வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களாவில் பாட்டுச் சத்தம் இல்லை. துரை எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, இனி இரண்டு பேரும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றுகூட மனசு கணக்குப் போட்டது.

“எங் கடுதாசி ஏன் அந்தத் தொரெகிட்ட குடுத்தே?”

“கவருல ஜோன்ஸுன்னுதான் எழுதியிருக்குன்னாங்க தொரெ. மொதல்ல வர்ற ஜோன்ஸ்கிட்ட குடுத்தேன்.”

“முன்னே எல்லாம் சரியா குடுத்தே!”

“முன்னே எழுதின பேர நான் பாக்கல தொரெ. யாருக்கு யாருன்னு பாத்தேன். அம்மா எழுதினதா, கட்டிக்கப்போற பொண்ணு எழுதினதான்னு பாத்தேன்.” என் வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். “யாருக்கு யாருன்னு பாக்கவேணாம், கிராணி எழுதின பேரு போதும்னு நீங்கதானே எம் பொண்டாட்டிகிட்ட சொன்னீங்க?”

கோழி ஒன்று துரையின் சப்பாத்தைக் கொத்தியது, அதைக்கூட விரட்டவில்லை. பிறகு திரும்பி நடந்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே வந்தவரைப் பார்த்து நான் அழுதேன். அந்தப் பன்னிரண்டு நாளில் அழுதது அப்போது ஒரு தடவைதான். “அழுவாத புள்ள” என்றார். “ஒங்கப்பா எனக்கு மாமனாரு. அவரு பேர நான் மட்டும் அடிக்க விடுவேனா?”

பன்னிரண்டாம் நாள். களத்தில் எப்போதையும்விடக் கூட்டம். வேலை இல்லாத கிழடுகள்கூட வந்து நின்றார்கள். துரை ஓரமாக நின்றுகொண்டு, தலையைக் கிராணி பக்கம் ஒரு தடவை அசைத்தார். கிராணி புத்தகத்தைத் திறந்தார். என் பெயர் வந்தது. பிறகு கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடத்தில் சிவப்பு மையின் மேல் புதிதாகக் கறுப்பு மையில் எழுதியிருந்ததை என் கண்ணால் பின்னர் பார்த்தேன்.

அப்பா பெயரை அவர் முணுமுணுத்தார்.

“கேக்கல ஐயா” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். துரையைப் பார்த்தார். துரை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி தொண்டையைச் செருமி, களம் முழுக்கக் கேட்கும்படி, என் அப்பா பெயரை முழுசாகச் சொல்லி, ‘மகள்’ என்றார்.

பாட்டுத் துரை சீமைக்குத் திரும்பி, வேறு துரை வந்தார். நானும் ஒரு பெண்ணைப் பெற்றேன். இடுகாட்டின் மேல் நட்ட கன்றுகள் வளர்ந்து மரமாகி, பால் வெட்டுக்கு வந்தன. அந்த நிரையை எனக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கிராணி மட்டும் மாறவில்லை. பதினோரு வருஷம், மழையானாலும் காய்ச்சலானாலும், விடியற்காலையில் எழுந்து வந்து களத்தில் நின்று, தான் ‘டேய்’ என்று கூப்பிட்ட மனுஷனின் பெயரை உரக்கப் படிக்கவேண்டியிருந்தது அவருக்கு.

ஒவ்வொரு நாளும் அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் நான் ‘இருக்கேன்’ என்றேன்.